சேவு விற்கிறவருக்கும் ஜிஎஸ்டி உண்டு: பதிவிலிருந்து முதல் மாதக் கணக்கு வரை

சாத்தூரில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து நானும் என் மனைவியும் காராசேவும் மிக்சரும் போட்டு விற்கிறோம். உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் கொடுத்துவந்தவரை வரியைப் பற்றி யோசித்ததே இல்லை. பெங்களூரிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்குக் கேட்டார். "ஜிஎஸ்டி எண் போட்ட பில் வேண்டும்" என்று ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். அந்த எண்ணை வாங்கி, முதல் மூன்று மாதக் கணக்கைச் சரிசெய்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாதித் தொல்லை தெரியாமையால் வந்தது. மீதி, தெரிந்தவர் என்று நம்பி ஒருவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்ததால் வந்தது. புதிதாகத் தொழில் தொடங்கும் யாரும் இதை மறுபடி பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உதாரணங்கள் எல்லாம் என் தொழிலிலிருந்து வருபவை. உங்களுடையது தையலோ, மரச்சாமானோ, மசாலாப் பொடியோ எதுவானாலும் கணக்குப் போடும் முறை இதுதான். வரி விகிதம் மட்டும் மாறும்.

1. முதலில் இந்த வரி எதன்மேல் விழுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஜிஎஸ்டி ஒரு மதிப்புக் கூட்டு வரி. பொருளின் முழு விலைக்கும் ஒவ்வொரு கையிலும் வரி போடுவதுபோலத் தோன்றும். உண்மையில் நீங்கள் கட்டுவது, பொருளுக்கு நீங்கள் கூட்டிய மதிப்புக்கு மட்டும்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 100 ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிறேன். 5 சதவீத வரி சேர்த்து 105 கொடுக்கிறேன். அந்த 5 ரூபாயை எண்ணெய்க் கடைக்காரர் அரசுக்குக் கட்டுகிறார். அதில் சேவு போட்டு 160 ரூபாய்க்கு விற்கிறேன். 5 சதவீதம் 8 ரூபாய். கடைக்காரரிடம் 168 வாங்குகிறேன். அரசுக்கு நான் கட்ட வேண்டியது 8 அல்ல. ஏற்கெனவே கொடுத்த 5 ரூபாயைக் கழித்து 3 ரூபாய். நான் கூட்டிய மதிப்பு 60 ரூபாய்; அதில் 5 சதவீதம் அதே 3 ரூபாய்தான். கடைக்காரர் அதை 200 ரூபாய்க்கு விற்று 10 ரூபாய் வரி வாங்குகிறார். எனக்குக் கொடுத்த 8 போக 2 ரூபாய் கட்டுகிறார். 5, 3, 2 மூன்றையும் கூட்டினால் 10. அந்தப் பத்தையும் சுமப்பவர் கடைசியில் வாங்கித் தின்பவர்.

இப்படிக் கழித்துக்கொள்ளும் தொகைக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். இந்த வரியில் உங்களுக்கு லாபமும் நட்டமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. வாங்கிய பொருளின் பில்லைத் தொலைத்தால் அந்த வரவு போய்விடும். கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

2. உங்களுக்குப் பதிவு கட்டாயமா என்று பாருங்கள்

பொருள் மட்டும் விற்பவர் என்றால், தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல், அதாவது ஆண்டின் மொத்த விற்பனை, 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். சேவை செய்பவருக்கு 20 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் எல்லோரும் சொல்வார்கள். இவற்றுக்குள் இருக்கும் பொறிகளைச் சொல்ல மாட்டார்கள்.

முதல் பொறி: வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் 40 லட்சம் என்ற வரம்பே கிடையாது. வரிக்கு உட்பட்ட பொருளை முதல் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டும். நான் மாட்டியது இங்கேதான். என் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தது. "உங்களுக்கு எதற்கு ஜிஎஸ்டி?" என்று கேட்டவர்கள் பலர். பெங்களூருக்கு ஒரு பெட்டி போனாலும் வேண்டும் என்பதுதான் சட்டம்.

இரண்டாவது: விற்றுமுதலில் வரி இல்லாத பொருளின் விற்பனையும் சேரும். ஒரே பான் எண்ணில் இரண்டு ஊரில் இரண்டு தொழில் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது: பொருள் விற்பவர் ஒரு கடையை வாடகைக்கும் விட்டிருந்தால் அவர் சேவையும் செய்கிறார் என்றாகிவிடும். வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் வழியாக விற்பவருக்கும் பொதுவாகப் பதிவு வேண்டும். வரம்புக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்பவருக்கு 2023 அக்டோபர் முதல் விலக்கு உண்டு. அவர்களும் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கட்டாயமான நாளிலிருந்து 30 நாள்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

3. வழக்கமான முறையா, இணக்க முறையா?

ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை விற்பவர்கள் இணக்க வரி முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பொருள் தயாரிப்பவருக்கும் வணிகருக்கும் விற்பனையில் 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். கணக்கு எளிது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் பணம் கட்டினால் போதும். ஆண்டுக்கு ஒரே ஒரு படிவம்.

ஆனால் வாங்குபவரிடம் தனியாக வரி கேட்க முடியாது. அந்த ஒரு சதவீதம் உங்கள் கையிலிருந்து போவது. நீங்கள் வாங்கிய பொருளின் வரியைக் கழிக்க முடியாது. உங்களிடம் வாங்கும் கடைக்காரருக்கும் வரவு கிடைக்காது. வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பவும் முடியாது.

என் கருத்து இது: நேரடியாக வாடிக்கையாளருக்கே விற்கும் கடைக்கு இணக்க முறை நல்லது. கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவருக்கு வழக்கமான முறைதான் சரி, ஏனென்றால் பெரிய கடைகள் வரவு கிடைக்காத பில்லை ஏற்பதில்லை. பெங்களூர்ச் சரக்கு இருந்ததால் எனக்குத் தேர்வே இருக்கவில்லை.

4. விண்ணப்பத்துக்கு முன்பே ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில் இரண்டு வாரம் செலவழித்தால் பின்னால் இரண்டு மாதம் மிச்சமாகும். தனி உரிமையாளர் தொழிலுக்குத் தேவையானவை: பான் அட்டை, கைப்பேசி எண் இணைத்த ஆதார், 100 கேபிக்குள் ஒரு புகைப்படம், தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று, வங்கிக் கணக்குக்கு ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக்கின் முதல் பக்கம். கூட்டுத் தொழில் என்றால் கூட்டு ஒப்பந்தப் பத்திரமும் எல்லாப் பங்குதாரர்களின் ஆவணங்களும் சேரும்.

பெயரில்தான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல். ஆதாரில் ஒற்றை எழுத்து முன்னெழுத்து இருக்கும். பானில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். விண்ணப்பத்தில் பானில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுக்க வேண்டும். பிறந்த தேதி இரண்டிலும் வேறாக இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றைத் திருத்திவிடுங்கள்.

அடுத்தது இடத்தின் சான்று. சொந்த இடம் என்றால் சொத்து வரி ரசீதோ மின்கட்டண ரசீதோ போதும். அப்பா, மனைவி பெயரில் உள்ள இடம் என்றால் அவர்களின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். வாடகை இடம் என்றால் வாடகை ஒப்பந்தமும், உரிமையாளரின் உடைமையைக் காட்டும் ஓர் ஆவணமும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றையும் சேர்த்துவிடுங்கள்.

என் கொட்டகையின் மின் இணைப்பு, உரிமையாளரின் காலமான தந்தை பெயரில் இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மகன். இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்று அதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது. சொத்து வரி ரசீது ஏற்கெனவே மகன் பெயருக்கு மாறியிருந்தது. அதை முதலிலேயே கொடுத்திருந்தால் அந்த அறிவிப்பே வந்திருக்காது. உங்கள் கட்டட உரிமையாளரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே இந்த ரசீதுகளைக் கேட்டுப் பாருங்கள்.

5. விண்ணப்பம்: உங்கள் கைப்பேசி எண், உங்கள் மின்னஞ்சல்

பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. யாராவது "அரசுக் கட்டணம்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆடிட்டரோ கணக்காளரோ தன் உழைப்புக்குக் கேட்பது வேறு. அதை முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி தளத்தில் விண்ணப்பம் இரண்டு பகுதி. முதல் பகுதியில் பான், கைப்பேசி, மின்னஞ்சல் கொடுத்தால் இரண்டுக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் வரும். பிறகு ஒரு தற்காலிக எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து 15 நாள்களுக்குள் இரண்டாம் பகுதியை நிரப்ப வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்னுடைய பெரிய தவறு இங்கேதான் நடந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் தன்னுடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துவிட்டார். விளக்கம் கேட்ட அறிவிப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போனது. அவர் பார்க்கவில்லை. பதில் கொடுக்க இருப்பது 7 வேலை நாள்கள். அது கடந்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. மறுபடி விண்ணப்பித்தேன். பெங்களூர்க்காரர் பொறுமையாகக் காத்திருந்தார் என்பதால் அந்த வியாபாரம் தப்பியது. கணக்காளரிடம் வேலையைக் கொடுங்கள். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இரண்டாம் பகுதியில் என்ன பொருள் விற்கிறீர்கள் என்பதற்கு எச்எஸ்என் என்ற குறியீட்டு எண் கேட்கும். காராசேவு, மிக்சர் வகைகளுக்கு 2106. வரி விகிதம் இந்த எண்ணை வைத்தே முடிவாகிறது. ஊகத்தில் போடாமல், அதே பொருளை விற்கும் இரண்டு மூன்று நிறுவனங்களின் பில்லையும் அரசின் விகிதப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியில் ஆதார் சரிபார்ப்பு. பெரும்பாலானவர்களுக்கு இணைப்பில் போய்க் கடவுச்சொல் கொடுத்தால் முடிந்துவிடும். சிலரை மட்டும் கைரேகை பதிய சேவை மையத்துக்கு நேரில் அழைப்பார்கள். ஆதார் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். அதைச் செய்தவர்களின் விண்ணப்பத்தை 7 வேலை நாள்களுக்குள் பார்க்க வேண்டும் என்பது விதி. செய்யாவிட்டால் அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்கும் வழிக்குப் போய், 30 நாள் ஆகலாம். 2025 நவம்பர் 1 முதல் இன்னொரு வசதி வந்திருக்கிறது: பதிவு பெற்ற வணிகர்களுக்கு விற்பதில் மாதம் 2.5 லட்சத்துக்கு மேல் வரி வராது என்று நீங்களே அறிவித்தால், 3 வேலை நாள்களில் எண் கிடைக்கும். சிறு தொழில் செய்பவர் பலருக்கும் இது பொருந்தும்.

6. எண் வந்த முதல் வாரம்

எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டு இடம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்தும் உங்கள் பான். யாராவது பில் கொடுத்தால் இதை வைத்தே பாதிப் போலியைக் கண்டுபிடிக்கலாம். முழுதாகச் சரிபார்க்க, தளத்தில் எண்ணைத் தட்டினால் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும்.

பதிவுச் சான்றிதழை அச்சிட்டுத் தொழிலிடத்தில் மாட்டுங்கள். பெயர்ப் பலகையில் எண்ணை எழுதுங்கள். இரண்டும் விதி. வங்கிக் கணக்கு விவரத்தை விண்ணப்பத்தின்போது கொடுக்கவில்லை என்றால், பதிவு வந்த 30 நாள்களுக்குள்ளோ முதல் விற்பனை அறிக்கை தாக்கல் செய்வதற்கு முன்போ, எது முந்தியதோ அதற்குள் சேர்த்துவிட வேண்டும். மறந்தால் பதிவை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

7. பில் போடுவது

வரிப் பில்லில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, எண், வாங்குபவரின் பெயர், முகவரி, எண், 16 எழுத்துக்கு மிகாத வரிசை எண், தேதி, பொருள், எச்எஸ்என், வரிக்கு முந்தைய மதிப்பு, விகிதம், வரித்தொகை, கையெழுத்து. வரிசை எண்ணில் இடைவெளி விடாதீர்கள். ரத்தான பில்லையும் கிழிக்காமல் வைத்திருங்கள்.

சரக்கு போய்ச் சேரும் இடம் தமிழ்நாடு என்றால் வரியை இரண்டாகப் பிரித்துப் பாதியை மத்திய ஜிஎஸ்டி, பாதியை மாநில ஜிஎஸ்டி என்று காட்ட வேண்டும். வெளிமாநிலம் என்றால் முழுவதையும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று ஒரே வரியாகக் காட்ட வேண்டும். மொத்தத் தொகை ஒன்றுதானே என்று நினைத்து, பெங்களூருக்குப் போன முதல் பில்லிலேயே நான் 2,500, 2,500 என்று பிரித்துப் போட்டுவிட்டேன். வாங்கியவருக்கு வரவு கிடைக்கவில்லை. ஒருங்கிணைந்த வரியாக 5,000 ரூபாயை மறுபடி கட்டினேன். தவறாகக் கட்டியதைத் திரும்பப் பெறத் தனி விண்ணப்பம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இரண்டாவதாகக் கட்டிய சரியான வரிக்கு வட்டியும் கேட்பதில்லை. ஆனாலும் சிறு தொழிலில் 5,000 ரூபாய் முடங்கிக் கிடப்பது என்றால் ஐம்பது கிலோ கடலை மாவு வாங்க முடியாமல் போவது.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்டும்போது, சரக்கோடு போக வேண்டிய மின்வழிச் சீட்டு (ஈ-வே பில்) எடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். வரி சேர்த்த தொகையை வைத்தே வரம்பைப் பார்க்க வேண்டும். சீட்டு இல்லாமல் வண்டி பிடிபட்டால் அபராதம் வரியைவிடப் பெரிது.

பொட்டலத்தில் அச்சிட்ட விலையில் வரி உள்ளடங்கியிருக்கும். அதிலிருந்து வரியைப் பிரிக்கும்போது பலர் தவறுகிறார்கள். 50 ரூபாய்ப் பொட்டலத்தில் 5 சதவீதம் 2.50 என்று எடுத்துவிடக் கூடாது. 50ஐ 105ஆல் வகுத்து 5ஆல் பெருக்க வேண்டும், 2.38 வரும். மதிப்பு 47.62. பொட்டலத்துக்கு 12 காசுதான் என்று விடாதீர்கள். பத்தாயிரம் பொட்டலத்தில் அது 1,200 ரூபாய். 18 சதவீதப் பொருளுக்கு 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்குங்கள்.

8. மாதக் கணக்கு, ஒரே தாளில்

இதை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். கணக்காளர் இருந்தாலும் ஒரு மாதக் கணக்கை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள். ஒரு நோட்டுப் பக்கம் போதும். கீழே உள்ளவை புரிவதற்காக முழு எண்களாக ஆக்கியவை. ஆனால் என் மாதம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன. சில பொருள்களுக்கு 40. பொட்டலமிட்ட மிக்சர், சேவுக்கு முன்பு 12 சதவீதம், இப்போது 5. பழைய பில் மென்பொருளை வைத்திருப்பவர்கள் விகிதம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விற்பனை:
தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 2,00,000. வரி 5 சதவீதம்: மத்திய 5,000, மாநில 5,000.
பெங்களூருக்கு 1,00,000. வரி: ஒருங்கிணைந்த 5,000.
மொத்தம் 15,000.

கொள்முதல், எல்லாம் தமிழ்நாட்டுக்குள்:
எண்ணெய் 80,000, 5 சதவீதம்: மத்திய 2,000, மாநில 2,000.
50 கிலோ மூட்டையில் கடலை மாவு 60,000: வரி இல்லை. 25 கிலோவும் அதற்குக் கீழும் பெயரிட்டுக் கட்டிய பையாக வாங்கினால் 5 சதவீதம்.
வணிக எரிவாயு சிலிண்டர் 10,000, 18 சதவீதம்: 900, 900.
அச்சிட்ட பிளாஸ்டிக் பை 20,000, 18 சதவீதம்: 1,800, 1,800.
அட்டைப்பெட்டி 8,000, 5 சதவீதம்: 200, 200.

இனி வாடகை. என்னை அதிகம் வதைத்தது இதுதான். என் கொட்டகை உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு பெறாதவர். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாத ஒருவரிடம் வணிகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்றவர், வாடகைக்கு 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும். விற்பவருக்குப் பதில் வாங்குபவர் கட்டுவதால் இதற்கு எதிர்முறை வரி என்று பெயர். 10,000 வாடகைக்கு 1,800 ரூபாய்: 900, 900. இதை வரவிலிருந்து கழிக்க முடியாது. பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதே 1,800ஐ வரவாக எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் பில் தர மாட்டார் என்பதால் உங்களுக்கு நீங்களே ஒரு பில் 30 நாள்களுக்குள் எழுதி வைக்க வேண்டும். இணக்க முறையில் இருப்பவர்களுக்கு இந்த வாடகை வரி இல்லை. எனக்கு இது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வரி திரும்ப வரவாகிவிட்டது. கட்டிய 18 சதவீத வட்டி திரும்பவில்லை. தனியாகப் பில் போட்டு வரி வசூலிக்காத லாரி புக்கிங் நிறுவனத்துக்குச் சரக்குக் கட்டணம் கொடுத்தாலும் இதே முறைதான், அதற்கு 5 சதவீதம்.

இப்போது வரவைக் கூட்டுங்கள். மத்திய: 2,000 + 900 + 1,800 + 200 + 900 = 5,800. மாநில: அதே 5,800.

கழிக்கும் வரிசைக்கு விதி இருக்கிறது. ஒருங்கிணைந்த வரவு இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். எனக்கு இந்த மாதம் அது இல்லை. மத்திய வரவை மத்திய வரிக்கும், மாநில வரவை மாநில வரிக்கும் கழிக்கிறேன்: 5,800லிருந்து 5,000 போக இரண்டிலும் 800 மீதி. இந்த மீதிகளை ஒருங்கிணைந்த வரிக்குப் பயன்படுத்தலாம். முதலில் மத்திய 800, பிறகு மாநில 800. 5,000லிருந்து 1,600 போக 3,400. மத்திய வரவை மாநில வரிக்கோ, மாநில வரவை மத்திய வரிக்கோ ஒருபோதும் கழிக்க முடியாது. ஒரு பக்கம் வரவு தேங்கியிருக்க, மறுபக்கம் பணம் கட்ட நேர்வது இதனால்தான்.

கையிலிருந்து கட்ட வேண்டியது: 3,400 + வாடகைக்கு 1,800 = 5,200 ரூபாய். பில்லில் வசூலித்த 15,000ஐப் பார்த்துப் பயந்தவன் நான். அதேபோல, வசூலித்த 15,000ஐத் தன் பணமென்று நினைத்துச் செலவழித்துவிட்டு 20ஆம் தேதி கடன் கேட்டு அலைபவர்களையும் பார்க்கிறேன். வரித்தொகை வந்தவுடன் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

9. வரவைக் காப்பாற்றுவது

நீங்கள் வரி கொடுத்து வாங்கியது மட்டும் போதாது. விற்றவர் தன் விற்பனை அறிக்கையில் உங்கள் எண்ணைக் காட்டியிருக்க வேண்டும். அது மாதம் 14ஆம் தேதி உங்கள் 2பி என்ற பட்டியலில் தெரியும். அதில் இல்லாத பில்லுக்கு அந்த மாதம் வரவு எடுக்க முடியாது. 15ஆம் தேதி காலையில் உங்கள் பில் கோப்பையும் 2பியையும் அருகருகே வைத்து டிக் அடியுங்கள். விடுபட்டவருக்கு அன்றே தொலைபேசி செய்யுங்கள். ஒரு பை வியாபாரி இரண்டு மாதம் அறிக்கை கொடுக்காததால் என் 3,600 ரூபாய் இரண்டு முறை தள்ளிப்போனது. இப்போது அப்படிப்பட்டவர்களிடம் பாதிப் பணத்தை நிறுத்தி வைக்கிறேன். ஆனால் 180 நாள்களுக்குள் முழுப் பணமும் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட நேரும்.

ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரவை, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30க்குள் எடுக்க வேண்டும். அதன் பிறகு அது இல்லை.

கடையில் பொருள் வாங்கும்போதே எண்ணைச் சொல்லுங்கள். எண் இல்லாத பில்லைப் பிறகு மாற்றித் தருவதற்கு யாரும் முன்வருவதில்லை. வீட்டுக்கு வாங்கிய பொருள், சாப்பாட்டுச் செலவு, சொந்தக் கார் ஆகியவற்றுக்கு வரவு கிடையாது. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. பழைய மதிப்புக் கூட்டு வரியிலேயே இருக்கின்றன. வண்டிக்குப் போட்ட டீசலின் வரியை எதிலும் கழிக்க முடியாது, அது செலவுதான். மின்கட்டணத்திலும் கழிப்பதற்கு எதுவும் இல்லை.

10. தாக்கல், பணம், தேதிகள்

மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு: விற்பனை அறிக்கை ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள், கணக்கு முடித்துப் பணம் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதிக்குள்.

5 கோடிக்குக் கீழே விற்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஜிஎஸ்டிஆர்-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் 13ஆம் தேதி, 3பி தமிழ்நாட்டில் 22ஆம் தேதி. முதல் இரண்டு மாதத்துக்கும் பணத்தை மட்டும் அடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நான் இந்த முறையில் இருக்கிறேன். ஆனால் பெங்களூர்க்காரருக்கு மாதாமாதம் வரவு தெரிய வேண்டும் என்பதால், முதல் இரண்டு மாதமும் அவருடைய பில்களை மட்டும் 13ஆம் தேதிக்குள் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். அதற்கு வழி இருக்கிறது. இதைச் செய்யாததால் வாடிக்கையாளரை இழந்தவர்கள் உண்டு.

விற்பனை அறிக்கையில் போட்ட தொகைதான் 3பியில் தானாக வந்து உட்காரும். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து அதை 3பியில் கையால் மாற்ற முடியாது. 11ஆம் தேதிக்கு முன்பே சரிபாருங்கள்.

பணம் கட்டுவதற்கான செலுத்துச் சீட்டு (சலான்) எடுக்கும்போது எந்தத் தலைப்பில் போடுகிறீர்கள் என்று இருமுறை பாருங்கள்: ஒருங்கிணைந்த, மத்திய, மாநில, ஒவ்வொன்றிலும் வரி, வட்டி, கட்டணம். தவறான தலைப்பில் போட்டால் பணம் தொலையாது. பிஎம்டி-09 என்ற படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசி நாள் இரவில் அதைச் செய்ய நேர்ந்தால் கை நடுங்கும். செலுத்துச் சீட்டு 15 நாள் செல்லும், அதனால் 17, 18ஆம் தேதியிலேயே கட்டிவிடுங்கள். கடைசி நாளில் தளம் மெதுவாகும்.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத மாதம் என்றால் 20. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். விற்பனை இல்லாத மாதத்துக்கும் சுழிய அறிக்கை கட்டாயம் என்பதைப் பலர் மறக்கிறார்கள். தொழிலை நிறுத்திவிட்டால் பதிவை முறைப்படி ரத்து செய்யுங்கள். சும்மா விட்டால் ஒவ்வொரு அறிக்கைக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

பில்கள், கொள்முதல் ரசீதுகள், செலுத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு முடிந்ததிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாதப் பெயரிட்ட கோப்பில் போட்டுவிடுங்கள். என் மனைவி ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணி முடித்ததும் இந்த வேலையைச் செய்துவிடுகிறார். பத்து நிமிடம்கூட ஆவதில்லை.